அ.கா. 47

ஒட்டுக்கேட்பது என் வேலை.
ஒட்டுமாங்கன்று விற்பது என் அப்பன் வேலை, சந்தூரில்.
இரண்டிலும் ஒட்டு இருக்கிறது சார் என்றேன்.
ஆய்வாளர் பன்னீர்தாசன் சிரிக்கவில்லை.

உருது, தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசுகிற ஏட்டு
நான் ஒருத்தன்தானாம்.
காதில் கருவியை மாட்டி உட்காரவைத்தார்கள்.
கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு
அமைச்சர் வர ஒன்பது நாள் இருந்தது.

முதல் ராத்திரி, பதினொன்று நாற்பது:
"கல்லு வச்சாச்சா?"
"வச்சாச்சு. மூணு நாளு."
"பார்த்து இறக்கு தஸ்தகீரு,
ஒண்ணு வெடிச்சா மொத்தமும் போயிரும்."
"இமாம் பசந்த் எப்போ?"
"கடைசில. பெரிய எடத்துக்குத்தான் போவுது."

எழுதினேன். அப்படியே எழுதினேன்.
பக்கத்தில் 'மாம்பழம்' என்று
அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கலாம்.
அடைப்புக்குறி போடும் அதிகாரம் ஏட்டுக்கு இல்லை.

காலையில் படித்த ஆய்வாளர் எழுந்து நின்றுவிட்டார்.
"யாருய்யா இந்த இமாம்?"
"சார், அது வந்து..."
"எல்லை தாண்டி வந்தவனா?"
சித்தூர்ப் பக்கமிருந்தும் வரும் சார் என்றேன்.
பொய் இல்லை.
அதையும் குறித்துக்கொண்டார்.

மதியம் காகிதம் சேலம் போனது.
சாயந்தரம் சென்னை.
சென்னைக்குப் போன காகிதம்
மாங்காயாகத் திரும்பி வராது.
பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் பதினேழாவது.
வாயை மூடிக்கொண்டேன்.

விடிகாலை மூன்றுக்கு மண்டியை வளைத்தோம்.
இருபத்திரண்டு துப்பாக்கி, ஒரு நாய்.
நாய் வைக்கோலில் மூக்கை நுழைத்துத் தும்மியது.
'மோப்ப நாய் உறுதி செய்தது.'
லாரிக்கு அடியில் கொசுவலைக்குள்
தூங்கிக்கொண்டிருந்தான் தஸ்தகீர்.
'பதுங்கியிருந்தான்.'
முனிரத்தினம் லுங்கியைத் தேடினான்.
அதற்கு வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டேன்.

கணக்கு நோட்டில் ஒரு வரி: அ.கா. 47.
அல்போன்சா காய், நாற்பத்தேழு கூடை.
ஆய்வாளர் இங்கிலீஷ் மீடியம்.

கார்பைடு கல் இருநூறு பொட்டலம்.
அந்த மண்டியில் நடந்த ஒரே குற்றம் அதுதான்.
பழத்தோடு வயிற்றுக்குள் போனவரை
அதை யாரும் பயங்கரம் என்றதில்லை.
இப்போது வெடிமருந்து.

"இமாம் பசந்த் எங்கடா?"
"சீசன்ல வரும் சார்."
ஓர் அறை.
"மரத்துல சார், மரத்துல!"
'மரத்தில் மறைந்திருப்பதாக ஒப்புக்கொண்டான்.'
கையெழுத்து என்னுடையது.
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மூன்றாம் நாள் முனிரத்தினத்துக்கு
டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள்.
அதே போன். அதே பேச்சு.
கல் வைத்ததே அவன்தான்.
தஸ்தகீருக்கு நாற்பத்தொரு நாள்.
ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அமைச்சர் வந்தார்.
ரிப்பன் வெட்டினார்.
தட்டில் ஒரு கீற்று நீட்டினார்கள்.
"அடடா! என்ன ரகம்யா இது?"
தோட்டக்கலை அதிகாரி பேரைச் சொன்னார்,
மைக்கில்.
ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.
நான் பந்தல் துணியைப் பார்த்தேன்.
தேடப்படும் முதல் குற்றவாளி
அமைச்சரின் முழங்கை வழியே
சொட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் சாட்சிப் பொருள் நாற்பத்தேழு கூடையும்
அழுகி, ஈ மொய்த்து,
ரைட்டர் ஒரு வாரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினார்.
வழக்கு நாற்றம் எடுத்ததாக
யாரும் பதிவு செய்யவில்லை.

தஸ்தகீர் இப்போதும் லாரி ஓட்டுகிறான்.
நான் இப்போதும் கேட்கிறேன்.
முனிரத்தினம் கூப்பிட்டால்
ரகம் சொல்வதில்லை, எண்ணிக்கை சொல்வதில்லை,
'ம்' கூடக் கொட்டுவதில்லை.
அவன் மூச்சு, பின்னால் டீசல் இன்ஜின்,
அவ்வளவுதான்.

நேரம் போட்டு எழுதுகிறேன்:
இருபத்தாறு வினாடி,
சந்தேகத்துக்கிடமான மௌனம்.